பையில் பச்சையாக வருவது ஏன்? ஸ்டோமா வைத்த குழந்தைகளின் குடல் பாக்டீரியா பற்றிய கேள்வி-பதில்

குடலை வயிற்றுத் தோலில் திறந்து, கழிவு பையில் சேரும்படி அறுவைச் சிகிச்சையால் அமைக்கும் வழிதான் ஸ்டோமா. அது வைத்த குழந்தைகளின் பெற்றோர் முன்பெல்லாம் பை கழன்றுகொள்வதைப் பற்றியும் தோல் புண்ணாவதைப் பற்றியுமே கேட்பார்கள். இப்போது வருகிற கடிதங்களில் பாதி பாக்டீரியாவைப் பற்றியவை. ‘நல்ல பாக்டீரியா’ என்ற சொல் டப்பாக்களின் மேல் அச்சேறிய நாளிலிருந்து, அது தன் குழந்தையின் குடலில் இருக்கிறதா இல்லையா என்ற கவலையும் வீட்டுக்குள் வந்துவிட்டது. கவலை நியாயமானது. ஆனால் அதற்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை முழுக் குடல் உள்ள குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஸ்டோமா வைத்த குழந்தையின் குடலோ பாகப்பிரிவினை ஆன வீடு. ஒரு பக்கம் அடுப்பு எரிகிறது, மறுபக்கம் எரிவதில்லை. எந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினால் பதில் தவறாகத்தான் வரும்.

குறைமாதத்தில் பிறந்த என் மகனுக்குக் குடல் அழுகிப்போய், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இலியோஸ்டமி என்ற ஸ்டோமா வைத்திருக்கிறார்கள். பையில் எப்போதும் பச்சை கலந்த மஞ்சள் நீராகவே வருகிறது, பழுப்பாக வருவதே இல்லை. உள்ளே பாக்டீரியா கெட்டுவிட்டதா?

கெடவில்லை. கல்லீரலிலிருந்து வரும் பித்தநீரில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி இருக்கிறது. பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை யூரோபிலினோஜனாக மாற்றுகின்றன. அது மேலும் மாறி ஸ்டெர்கோபிலின் ஆகும்போதுதான் மலத்துக்குப் பழுப்பு நிறம் கிடைக்கிறது. உங்கள் மகன் குடிக்கும் பால் பெருங்குடலை எட்டுவதற்கு முன்பே வெளியே வந்துவிடுகிறது. சாயப்பட்டறைக்குப் போகாத துணியில் சாயத்தைத் தேடி என்ன பயன்? பையில் நாற்றம் குறைவாக இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். மலத்தின் நாற்றமும் பெரும்பாலும் பெருங்குடல் பாக்டீரியாக்களின் கைவேலைதான்.

எண்ணிக்கையைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். வளர்ந்தவர்களிடம் எடுத்த கணக்குப்படி, சிறுகுடலின் மேற்பகுதியில் ஒரு மில்லி நீரில் சில ஆயிரம் பாக்டீரியாக்கள் இருக்கும். சிறுகுடலின் கடைசியில் அது 1 கோடி முதல் 10 கோடி வரை ஏறும். பெருங்குடலில் ஒரு கிராமுக்கு 10,000 கோடி. இலியோஸ்டமி என்பது இந்த ஏணியின் நடுவில் வைத்த கதவு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பையில் பச்சை பரவாயில்லை. வாந்தி பச்சையாக வந்தால் பரவாயில்லை என்று இருக்காதீர்கள். அது குடல் அடைப்பாக இருக்கலாம். அன்றே, அந்த மணி நேரத்திலேயே, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பையிலிருந்து எடுத்துச் சோதித்ததில் கிளெப்சியெல்லாவும் ஈ.கோலையும் ஏராளமாக வளர்ந்திருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை, பால் குடிக்கிறாள். ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாமா?

அந்தச் சோதனையை யார், எதற்காக எழுதிக் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு முதலில் எழும் கேள்வி. இலியோஸ்டமி வழியே வரும் நீரை வளர்த்துப் பார்த்தால் இந்த இரண்டும் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பெருங்குடல் ஆக்சிஜன் எட்டாத இடம். அங்கே வாழும் பாக்டீராய்டிஸ் போன்றவை காற்றுப் பட்டால் தாக்குப்பிடிக்காதவை. ஸ்டோமா திறந்திருக்கும் சிறுகுடலின் நுனியிலோ காற்றும் படுகிறது, உணவும் வேகமாக ஓடுகிறது. அங்கே ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும் வகைகள்தான் நிலைக்கும்: ஈ.கோலை, கிளெப்சியெல்லா, என்டரோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ். கூடவே வெய்லொனெல்லா என்ற ஒன்றும் இருக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடும், அந்த அமிலத்தைத் தின்று வெய்லொனெல்லா வாழும். இரண்டும் வாயிலும் இருப்பவை, எச்சிலோடு இறங்கி வருபவை.

சிறுகுடல் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களை வைத்து 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. இலியோஸ்டமி திறந்திருந்த காலத்தில் அவர்கள் குடலில் லாக்டோபேசில்லஸும் ஈ.கோலை குடும்பமும் மேலோங்கியிருந்தன. ஸ்டோமாவை மூடியதும் ஆக்சிஜனை ஒதுக்கும் வகைகள் திரும்பி வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டன. மருந்து கொடுத்து எதையும் விரட்டவில்லை. கதவு மூடியது, குடியிருப்பவர்கள் மாறினார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, பையில் சில மணி நேரம் தேங்கிய நீரில் பாக்டீரியா பெருகிக்கொண்டேதான் இருக்கும். பையில் இருப்பதை வைத்துக் குடலில் இருப்பதைக் கணக்கிட முடியாது. ஆகவே சிகிச்சை அறிக்கைக்கு அல்ல, குழந்தைக்கு. காய்ச்சல், வயிறு உப்பி இறுகுதல், ரத்தம், சோர்ந்து கிடத்தல், வெளியேறும் அளவு திடீரென்று நின்றுபோவது அல்லது பீறிடுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே காட்டுங்கள். எதுவும் இல்லை, பாலும் குடிக்கிறாள் என்றால், அந்தத் தாளை மடித்துக் கோப்பில் வைத்துவிட்டு அடுத்த முறை வரும்போது மருத்துவரிடம் காட்டினால் போதும்.

பிறந்த முதல் மாதம் முழுவதும் ஆன்டிபயாடிக்கில் கழிந்தது. நல்ல பாக்டீரியா எல்லாம் நிரந்தரமாக அழிந்துவிட்டதா? தாய்ப்பால் கொடுத்தால் மீளுமா?

நிரந்தரம் என்ற சொல்லை இந்த வயதில் பயன்படுத்த வேண்டாம். குழந்தையின் குடல் பாக்டீரியா பெரியவர்களுடையதைப் போல அமைவதற்கே சுமார் 3 வயது ஆகிறது. அதுவரை ஆட்கள் வருவார்கள், போவார்கள். ஆன்டிபயாடிக், குறைமாதப் பிறப்பு, தீவிர சிகிச்சைப் பிரிவு வாசம் எல்லாம் இந்தக் குடியேற்றத்தைக் குழப்புகின்றன என்பது உண்மை. அந்த மருந்து இல்லாமல் குழந்தை பிழைத்திருக்காது என்பதும் உண்மை. நடந்ததற்குக் குற்ற உணர்வு வேண்டாம். இனிமேல் தேவையற்ற ஆன்டிபயாடிக்கைத் தவிர்த்தால் போதும்.

தாய்ப்பால் விஷயத்தில் ஒரு சுவையான முரண் இருக்கிறது. தாய்ப்பாலில் லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடி அதிகமாக இருக்கும் திடப்பொருள் ஒலிகோசாக்கரைடு என்ற சர்க்கரைச் சங்கிலிகள். குழந்தையால் அவற்றைச் செரிக்க முடியாது. பிறகு தாய் ஏன் சிரமப்பட்டு அவற்றைத் தயாரிக்கிறாள்? பெருங்குடலில் இருக்கும் பிஃபிடோபாக்டீரியத்துக்காக. குழந்தைக்கு ஊட்டும்போது பிள்ளையின் பாக்டீரியாவுக்கும் சேர்த்தே ஊட்டுகிறாள். ஆனால் இலியோஸ்டமி உள்ள குழந்தையிடம் அந்த உணவில் பெரும்பகுதி, உண்ண வேண்டியவர்களைச் சென்றடையாமல் பையில் விழுந்துவிடுகிறது.

அப்படியானால் தாய்ப்பால் வீணா என்று கேட்டுவிடாதீர்கள். அதில் உள்ள நோய் எதிர்ப்புப் புரதங்களும் லாக்டோஃபெரினும் குடல் வளர்ச்சிக்கான காரணிகளும் சிறுகுடலிலேயே வேலை செய்பவை. ஸ்டோமா வைத்த குழந்தைக்குத் தாய்ப்பாலை விடச் சிறந்ததை நான் இதுவரை பரிந்துரைத்ததில்லை. பதப்படுத்திய தானப் பாலும் நல்லதே. சூடாக்கும்போது அதிலுள்ள உயிருள்ள பாக்டீரியா போய்விடும், சர்க்கரைச் சங்கிலிகள் அப்படியே இருக்கும்.

மேல் திறப்பில் வரும் நீரை ஊசிக்குழலில் எடுத்து, கீழ்த் திறப்பில் செலுத்துகிறார்கள். பார்க்கவே மனம் கூசுகிறது. இது தேவையா? தொற்று வராதா?

மனம் கூசுவது இயல்பு. முதல் முறை பார்க்கும் இளம் மருத்துவர்களும் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் சற்று யோசியுங்கள். வெட்டிப் பிரித்த குடலின் மேல் நுனியிலிருந்து நீர் வருகிறது, கீழ் நுனி பெருங்குடலை நோக்கிப் போகிறது. ஸ்டோமா இல்லாத குழந்தைக்கு அந்த நீர் தானாகவே அந்தப் பக்கம் போயிருக்கும். நாம் செய்வது உடைந்த பாலத்தின் இரு கரைக்கும் இடையே படகு ஓட்டுவதுதான்.

அந்தக் கரையில் இருப்பவர்களின் பட்டினி சாதாரணமானது அல்ல. பெருங்குடலின் உள்சுவர்ச் செல்கள் தம் உணவின் பெரும்பங்கை ரத்தத்திலிருந்து எடுப்பதில்லை. பாக்டீரியாக்கள் செரிக்காத உணவை நொதிக்க வைத்து உண்டாக்கும் ப்யூட்ரேட் என்ற சிறிய கொழுப்பமிலம்தான் அவற்றின் முக்கிய எரிபொருள். உணவு வரவில்லையென்றால் பாக்டீரியா குறைகிறது, ப்யூட்ரேட் குறைகிறது, சுவர் மெலிகிறது, சிலருக்கு அழற்சியே வந்துவிடுகிறது. ஒதுக்கப்பட்ட குடலில் வரும் இந்த அழற்சி 1981-இல் தனி நோயாக விவரிக்கப்பட்டது. 1989-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், ப்யூட்ரேட் உள்ளிட்ட அமிலக் கரைசலை ஆசனவாய் வழியே செலுத்தியதும் அது தணிந்தது. பட்டினிதான் நோய் என்பதற்கு இதை விட நேரான சாட்சி வேண்டியதில்லை.

மேல் திறப்பின் நீரைக் கீழே செலுத்தும்போது உப்பும் தண்ணீரும் திரும்பக் கிடைக்கின்றன, பித்த அமிலங்கள் திரும்பக் கிடைக்கின்றன, முன்பு சொன்ன பால் சர்க்கரைகள் உண்ண வேண்டியவர்களிடம் போய்ச் சேருகின்றன. எடை ஏறும், ரத்தநாளம் வழியே தரும் ஊட்டத்தின் தேவை குறையும். சுருங்கிக் கிடந்த கீழ்க்குடல் விரிவதால் பின்னால் இரண்டையும் இணைத்துத் தைப்பதும் அறுவை மருத்துவருக்கு எளிதாகும்.

தொற்று பற்றிக் கேட்டீர்கள். அது அந்தக் குழந்தையின் சொந்த பாக்டீரியாதான். ஆனால் புதிதாக வெளியேறிய நீராக இருக்க வேண்டும், பையில் நெடுநேரம் கிடந்தது கூடாது. நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு: குழாயைத் தவறாக, வேகமாகச் செலுத்தினால் மெலிந்த கீழ்க்குடல் துளைபட்டுவிடலாம். கீழே அடைப்பு இல்லை என்று சாய எக்ஸ்ரேயில் உறுதிசெய்த பிறகு, மிருதுவான குழாயால், பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டும். காணொளி பார்த்து வீட்டில் தொடங்கும் வேலை அல்ல.

மலம் எல்லாம் பையில்தானே வருகிறது? ஆனால் டயபரில் வெள்ளையாகக் கோழை மாதிரி வருகிறதே?

ஒதுக்கப்பட்ட குடலும் உயிருள்ள குடல்தான். சளி சுரந்துகொண்டே இருக்கும், அது ஆசனவாய் வழியே வரும். பயம் வேண்டாம். அதில் ரத்தம் கலந்தால் முந்தைய பதிலில் சொன்ன அழற்சியா என்று பார்க்க வேண்டும், காட்டுங்கள்.

புரோபயாடிக் தூள் கொடுக்கலாமா? ‘இயற்கையானது, பக்கவிளைவு இல்லை’ என்று போட்டிருக்கிறது. குழந்தைக்கு இன்னும் கழுத்து நரம்பில் குழாய் இருக்கிறது.

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னதற்கு நன்றி. வேண்டாம். உங்கள் மருத்துவக் குழு தானாக முன்வந்து பரிந்துரைத்தாலொழிய வேண்டவே வேண்டாம்.

புரோபயாடிக் என்பது உயிருள்ள நுண்ணுயிரி. முழுமையான குடல் சுவரும் தேறிய எதிர்ப்புச் சக்தியும் உள்ள குழந்தையிடம் அது குடலோடு நின்றுவிடும். உங்கள் குழந்தையின் குடல் சுவர் மெலிந்தது, ரத்தத்துக்குள் நேராகப் போகும் குழாயும் இருக்கிறது. சாக்கரோமைசிஸ் புலார்டி என்ற ஈஸ்ட் வகை, பொட்டலத்தைப் பிரித்தவரின் கையிலிருந்து குழாய்க்கும் குழாயிலிருந்து ரத்தத்துக்கும் போன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளில் புரோபயாடிக் கொடுப்பது பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023-இல் எச்சரித்தது. ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையில் பிறந்த ஒரு குழந்தை, கொடுக்கப்பட்ட அதே பிஃபிடோபாக்டீரியத்தால் ரத்தத் தொற்று வந்து இறந்ததை ஒட்டி வந்த எச்சரிக்கை அது.

குடல் அழுகலைத் தடுக்கப் புரோபயாடிக் உதவுமா என்று நிபுணர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு தரப்பிடம் நல்ல வாதங்களும் இருக்கின்றன. ஆனால் அது ஸ்டோமா வைப்பதற்கு முந்தைய கேள்வி. வைத்த பிறகு, டப்பாவில் எழுதியிருக்கும் ‘இயற்கையானது’ என்ற சொல்லுக்கு எந்த மதிப்பும் இல்லை. ஈ.கோலையும் இயற்கையானதுதான்.

எவ்வளவு பால் கொடுத்தாலும் எடை ஏறவில்லை. பாக்டீரியா சரியில்லாததால் சத்து ஒட்டவில்லை என்று உறவினர்கள் சொல்கிறார்கள். பாக்டீரியா சோதனை எடுக்கட்டுமா?

முதலில் சிறுநீரில் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். இது பாக்டீரியா பற்றிய பதில் அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இலியோஸ்டமி உள்ள குழந்தை பையில் உப்பை இழந்துகொண்டே இருக்கிறது. உப்பைத் திரும்ப உறிஞ்சும் பெருங்குடல் வழியில் இல்லை. சோடியம் குறைந்த உடல் வளராது, எத்தனை கலோரி ஊற்றினாலும் வளராது. ரத்தச் சோடியம் சரியாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. சிறுநீரகம் கடைசித் துளி வரை பிடித்து வைத்து ரத்தத்தின் அளவைக் காப்பாற்றும். உண்மையைச் சொல்வது சிறுநீர். அதில் லிட்டருக்கு 10 மில்லிமோலுக்கும் கீழே இருந்தால் உடல் உப்புக்கு ஏங்குகிறது என்று பொருள். மருத்துவர் கணக்கிட்டு உப்புக் கரைசல் சேர்த்ததும், மாதக்கணக்கில் நகராத எடைக்கோடு நகரத் தொடங்கும்.

வெறும் தண்ணீரையும் இனிப்பான பழச்சாற்றையும் கூடுதலாகக் கொடுத்து இதைச் சரிசெய்ய முயலாதீர்கள். சர்க்கரை குடலுக்குள் நீரை இழுக்கும், பை இன்னும் நிறையும், உப்பு இன்னும் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் உப்பு-சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. சில ஸ்டோமா குழந்தைகளுக்கு அதற்கு மேலும் தேவைப்படும். அளவை நீங்களே முடிவு செய்ய வேண்டாம்.

வீட்டுக்கே வந்து மாதிரி எடுத்துப்போகும் பாக்டீரியா சோதனைகளைக் கேட்டீர்கள். அவை மலத்தோடு ஒப்பிடும். பையில் வருவது மலமே அல்ல. பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

ஆசனவாய் இல்லாமல் பிறந்த மகனுக்குப் பெருங்குடலில் கொலோஸ்டமி என்ற ஸ்டோமா வைத்து நான்கு மாதம் ஆகிறது. பையில் பழுப்பு மலம், எடையும் நன்று. ஆனால் திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இந்தக் குறையோடு பிறக்கும் ஆண் குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு மலக்குடலின் கீழ்நுனி சிறுநீர்ப் பாதையோடு ஒரு சிறு வழியால் இணைந்திருக்கும். கொலோஸ்டமிக்கு மேலே உள்ள பெருங்குடல் வேலை செய்வதால் பையில் வருவது கிட்டத்தட்ட இயல்பான மலம்தான், பாக்டீரியா நிறைந்தது. குடலை முழுதாக வெட்டி இரு நுனிகளையும் தனித்தனியாக வைத்திருந்தால் அது கீழே போகாது. வளையமாக இழுத்து ஒரே இடத்தில் திறந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்ப்பக்கம் வழிந்து, அந்த இணைப்பு வழியே சிறுநீரில் கலக்கும். முதல் அறுவையில் கீழ்க்குடலில் தேங்கியிருந்த கழிவைக் கழுவாமல் விட்டிருந்தாலும் இதே கதைதான்.

எந்த வகைக் கொலோஸ்டமி என்று அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். கீழ்த் திறப்பில் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே அந்த இணைப்பைக் காட்டும். சிறுநீரகங்களையும் ஸ்கேன் செய்து பார்த்திருக்க வேண்டும். இந்தக் குழந்தைகளுக்குச் சிறுநீரகக் குறைகளும் சேர்ந்து வருவது உண்டு. அதைப் பார்க்காமல் ஆன்டிபயாடிக்கை மட்டும் மாற்றிக்கொண்டே போவதை ஏற்காதீர்கள்.

அடுத்த மாதம் ஸ்டோமாவை மூடப்போகிறார்கள். அதன் பிறகு பாக்டீரியா சரியாகிவிடுமா? எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் சில வாரங்கள் அமர்க்களமாக இருக்கும். பல மாதம் சும்மா இருந்த பெருங்குடலுக்கு உணவும் பித்த அமிலமும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. ஒரு நாளைக்குப் பலமுறை நீராகப் போகும். மலமே பட்டறியாத தோல் சட்டென்று புண்ணாகும். ஆகவே துத்தநாக ஆக்சைடு உள்ள களிம்பை அறுவைக்கு முன்பே வாங்கி வையுங்கள். முதல் மலத்திலிருந்தே தடிமனாகத் தடவுங்கள், புண் வந்த பிறகு அல்ல. சிவப்புத் திட்டுகளைச் சுற்றிச் சிறு புள்ளிகள் பரவினால் அது பெரும்பாலும் பூஞ்சை, அதற்கு வேறு மருந்து. பாக்டீரியா தானாகவே குடியேறும். மலம் மெல்லப் பழுப்பாக மாறும்போது நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

குடலில் பெரும்பகுதியை வெட்டி எடுத்த குழந்தைகளைப் பற்றி மட்டும் தனியாக ஒன்று. நீளம் குறைந்து அகலம் கூடிய சிறுகுடலில் உணவு தேங்கினால், அங்கே இருக்கக் கூடாத அளவுக்கு பாக்டீரியா பெருகும். வயிறு உப்பும், துர்நாற்றத்தோடு வாயு போகும், எடை நிற்கும். இதற்குச் சுழற்சி முறையில் ஆன்டிபயாடிக் கொடுப்பதுண்டு. அமிலத்தைக் குறைக்கும் மருந்து அவசியமின்றித் தொடர்ந்தாலும் இது மோசமாகும்.

மற்றொன்று அரிது, ஆனால் தெரியாவிட்டால் தவறவிடுவோம். உறிஞ்சப்படாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய், அமிலத்தைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் வகைகள் பெருகி, லாக்டிக் அமிலத்தின் இரு வடிவங்களில் (எல், டி) ஒன்றான டி-லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். மனித உடல் அதை மெதுவாகத்தான் வெளியேற்றும். மாவுச்சத்து மிகுந்த உணவுக்குப் பிறகு குழந்தை தள்ளாடி நடப்பான், பேச்சு குழறும், தூக்கக் கலக்கத்தில் இருப்பான். 1979-இல்தான் இது மனிதரிடம் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. வழக்கமான லாக்டேட் சோதனை எல்-வடிவத்தை மட்டுமே அளப்பதால் முடிவு இயல்பானதாகவே வரும். குழந்தை குறுகிய குடல் உள்ளவன் என்பதையும் டி-லாக்டேட் பார்க்க வேண்டும் என்பதையும் அவசரப் பிரிவில் நீங்களே சொல்ல வேண்டியிருக்கலாம். இங்கே ‘நல்ல பாக்டீரியா’ என்று விற்கப்படும் லாக்டோபேசில்லஸே குற்றவாளியாக இருக்கக்கூடும்.

தம்பியின் பையைக் காலி செய்யும்போது நான்கு வயது அக்கா பக்கத்திலேயே நிற்கிறாள். அவளுக்குத் தொற்றுமா?

டயபர் மாற்றும்போது பக்கத்தில் நிற்பதை விட ஆபத்து ஒன்றும் கூடுதல் இல்லை. முடிந்ததும் இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நிற்கட்டும், பார்க்கட்டும், கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள்.